பதினேழு வயது நாமினி

ஆயுள் காப்பீடு சம்பந்தப்பட்ட ஒரு சாஃப்ட்வேர் புராஜெக்டில் இருந்தபோது, கோடு சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சரிபார்க்கும் எங்கள் டெஸ்ட்களில் ஒன்று ஆறேழு தடவைக்கு ஒரு தடவை ஃபெயில் ஆகும். திரும்ப ஓட்டினால் பாஸ். யாருக்கும் அதில் கோபம்கூட வராது, "ரீரன் போடுங்க, சரியாயிடும்" என்று டீ குடிக்கப் போய்விடுவோம்.

இதற்கு முன்னால் கதை வேறு மாதிரி இருந்தது. பாலிசிக்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, பாலிசிக்குள்ளேயே நாமினிகள், ஒவ்வொரு நாமினிக்கும் தனி முகவரி என்று அடுக்கடுக்காகப் போகும் மாடல், அதாவது டேட்டாவின் அமைப்பு. டெஸ்டுக்காக எவரோ மாதிரி விவரங்களை ஒரு பெரிய ஜேசன் ஃபைலாக (டேட்டாவை எழுத்தாக வைக்கும் ஒரு வடிவம்) கையால் எழுதி வைத்திருந்தார், எல்லோரும் அதையே காப்பி அடித்தோம். மாடலில் ஒரு ஃபீல்டு கூடினால் நாற்பது இடத்தில் உடையும். அதைவிட மோசம், அதில் எல்லாருடைய பின்கோடும் 600001. நாமினி முகவரி போக வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் முகவரியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த கோடு மாதக்கணக்கில் பாஸ் ஆனது; இரண்டும் ஒன்றாகவே இருந்தால் மாறியது எப்படித் தெரியும்?

அப்புறம்தான் பைத்தானில் டெஸ்ட் டேட்டாவைத் தானாக உருவாக்கும் ஃபேக்டரி பாய், போலியான பெயர், தேதி போன்றவற்றைத் தரும் ஃபேக்கர் என்ற இரண்டு லைப்ரரிகளையும் கொண்டுவந்தோம். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஃபேக்டரி, உள்ளே இருப்பதற்கு சப்ஃபேக்டரி. ஒரே வரியில் முழு பாலிசியும் வந்து நிற்கும். முதல் நாள் வாடிக்கையாளர் ஃபேக்டரி பாலிசியைக் கூப்பிட, பாலிசி ஃபேக்டரி வாடிக்கையாளரைக் கூப்பிட, அது முடிவில்லாமல் சுற்றி ரிகர்ஷன் எரர் வந்து விழுந்தது. பைத்தானில் அதற்கு வழக்கமான எல்லை 1000 அடுக்கு. ஒரு பக்கத்தில் 'நன்' (எதுவும் இல்லை என்ற மதிப்பு) கொடுத்து அறுத்துவிட்டோம். இன்னொரு கூத்து, பின்கோடு சரிபார்க்கும் சின்ன டெஸ்டுக்குக்கூட 'கிரியேட்' என்று எழுதி, டேட்டாபேஸில் பாலிசி, நாமினி, முகவரி என்று வரிசையாக ரோ போட்டுக்கொண்டிருந்தோம். டேட்டாபேஸில் சேமிக்காமல் மெமரியில் மட்டும் உருவாக்கும் 'பில்ட்' போதும் என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

சரி, அந்த ஃபெயில் ஆகும் டெஸ்ட். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். ஃபெயில் ஆனால் சீடு எண்ணை (அதே ரேண்டம் டேட்டாவைத் திரும்ப வரவழைக்கும் எண்) லாகில் அச்சிடும்படி செய்து, கிடைத்த எண்ணை என் லேப்டாப்பில் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் உடைகிறது. நாமினிக்கு வயது பதினேழு. ஃபேக்கரில் பிறந்த தேதி கேட்டால், நாம் எதுவும் சொல்லாவிட்டால், 0 முதல் 115 வயது வரை எதை வேண்டுமானாலும் தரும். ஆறேழில் ஒன்று பதினெட்டுக்குக் கீழே விழத்தான் செய்யும். நாமினி மைனராக இருந்தால் பணத்தை அவர் சார்பில் வாங்க அப்பாயின்டீ என்று ஒருவரைக் குறிப்பிட வேண்டும். எங்கள் ஃபேக்டரிக்கு அந்த விதி தெரியாது. சரி டேட்டாதான் தப்பு என்று மூடப் போனேன், ஆனால் ஸ்கிரீனில் பார்த்தால் எங்கள் அப்ளிகேஷனே அப்பாயின்டீ இல்லாத மைனரை மறுக்காமல் உள்ளே விட்டு, கடிதம் தயாரிக்கும் இடத்தில்தான் விழுகிறது. அந்த டெஸ்ட் இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் ரீரன் போட்டோம்.

இப்போது வயது 25 முதல் 60 வரை என்று கட்டிவிட்டோம், மைனர் வேண்டும் என்றால் 'மைனர் நாமினி' என்று டெஸ்டிலேயே எழுதிக் கேட்க வேண்டும், அப்பாயின்டீயும் கூடவே வரும். நாமினிகளின் பங்கு கூட்டினால் 100 வரவேண்டும் என்பதையும் ஃபேக்டரிக்குள்ளேயே வைத்தாகிவிட்டது. முன்னால் 73, 41 என்று வந்து, யாரும் கவனிக்காமல் பாஸ் ஆகியிருக்கிறது.

அந்தப் பழைய ஜேசன் ஃபைல் இன்னும் எங்கள் கோடு இருக்கும் ரெப்போவில் கிடக்கிறது. இரண்டு டெஸ்ட் அதைப் படிக்கிறது, எதற்கென்று யாருக்கும் தெரியாததால் அழிக்கவும் துணிச்சல் இல்லை.