28 சதவீதம்

"அப்போ எங்க குழந்தை பிழைக்க 28 சதவீதம்தான் வாய்ப்பா, டாக்டர்?"

அந்தத் தாய் கேட்ட பிறகுதான் என் தவறு உறைத்தது. நான் சொன்ன 28 பிழைக்கும் வாய்ப்பே அல்ல, நுரையீரலின் அளவு.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில், அவருடைய சிசுவுக்கு இருந்ததுபோல், ஓட்டை இருந்தால் குடலும் இரைப்பையும், சில சிசுக்களில் கல்லீரலும், மார்புக்குள் ஏறிவிடும். நுரையீரல் வளர இடமிருக்காது. ஏறத்தாழ 3,000 பிரசவங்களில் ஒன்றில் இப்படி, பெரும்பாலும் இடப்பக்கம். ஸ்கேனில் எதிர்ப்பக்க நுரையீரலை அளந்து, தலைச் சுற்றளவால் வகுத்து, அதே வாரத்துச் சிசுவுக்கு இயல்பாக இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிட்டு ஒரு சதவீதம் சொல்வோம். இடப்பக்க ஓட்டையில் 25-க்குக் கீழே போனால் கடுமை. கல்லீரலும் ஏறியிருந்தால் கவலை கூடும்.

ஸ்கேனில் தெரிவது நுரையீரலின் பருமன். பிறந்த குழந்தையை வாட்டுவதோ பல நேரம் அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள். சுவர் தடித்து, இறுகி, ரத்தத்தை உள்ளே விடாமல் தடுக்கும். அது எவ்வளவு இறுகும் என்று கருவிலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. 45 என்று அளந்து, நம்பிக்கையோடு காத்திருந்த ஒரு குழந்தையை மூன்றாம் நாள் அதனால்தான் இழந்தோம். பழைய படங்களை எடுத்து மறுபடி அளந்தேன். அளவில் பிழையில்லை.

நுரையீரல் வளரட்டும் என்று கருவிலேயே சிசுவின் மூச்சுக்குழாயில் பலூன் வைப்பதைப் பற்றியும் அந்தத் தாய் கேட்டார். 2021-இல் வெளியான ஆய்வில், இடப்பக்கக் கடும் குறைபாட்டில் பலூன் வைத்த சிசுக்களில் 40 சதவீதம் உயிரோடு வீடு திரும்பின, வைக்காதவற்றில் 15. குறைப்பிரசவமும் கூடியது. நடுத்தரக் குறைபாட்டில் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை. இவருடைய குழந்தை அந்த நடுத்தர வகை.

இப்போதெல்லாம் தாளில் இரண்டு வரியாக எழுதித் தருகிறேன்: மேலே நுரையீரல் அளவு, கீழே, இதே அளவுள்ள குழந்தைகளில் எத்தனை பேர் வீடு போனார்கள் என்பது. அன்றும் அப்படி எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை மடித்துவிட்டு, "பிறந்ததும் அழுமா?" என்றார்.

அழ விடமாட்டோம் என்றேன். விழுங்கும் காற்று மார்பிலுள்ள குடலை ஊத வைத்து நுரையீரலை நசுக்கும். அதனால் பிறந்த உடனே மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிடுவோம்.

"அப்போ சத்தம் வரலைன்னா நான் பயப்பட வேண்டாம், இல்லையா?"