உட்கருவைத் தள்ளிவிட்ட செல்

மைக்ராஸ்கோப்பில் இன்று ஒரு துளி மனித ரத்தம் பார்த்தேன். வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெளிறிய குழி.

டிஎன்ஏ பொதிந்திருக்கும் உட்கருவைத் தேடினால் கிடைக்காது.

முதலில் இருந்ததுதான். எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது செல்லே அதை வெளியே தள்ளிவிடுகிறது, பக்கத்திலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் விழுங்கிவிடுகிறது. அப்புறம் உள்ளே பெரும்பாலும் ஹீமோகுளோபின்தான். புதுப் புரதம் செய்ய வழியில்லை, பிரிந்து பெருகவும் முடியாது. சுமார் 120 நாள் ஆக்சிஜன் சுமந்துவிட்டுப் போய்ச்சேர்கிறது.

கோழி, தவளை, மீனின் சிவப்பணுக்களில் உட்கரு அப்படியே இருக்கும்.

பாக்டீரியாவையும் சிவப்பணுவையும் 'உட்கரு இல்லாதவை' என்று ஒரே வரிசையில் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. பாக்டீரியாவில் டிஎன்ஏ உண்டு, அதைச் சுற்றி உறைதான் இல்லை. ஜோராகப் பெருகும். சிவப்பணு அப்படியா?

செடிகளில் சர்க்கரை கொண்டுபோகும் சல்லடைக் குழாய் செல்லும் உட்கருவை இழந்துதான் வேலைக்கு வருகிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு துணைசெல் இருக்கிறது, தேவையானதைச் செய்து கொடுக்க.

சரி, இதைப் படிக்கும் உங்கள் கண்வில்லையின் நார்செல்களிலும் பெரும்பாலானவற்றில் உட்கரு இல்லை. இருந்தால் ஒளி சிதறும். ஆனால் அவை 120 நாளில் போவதில்லை. நடுவில் இருப்பவை நீங்கள் பிறக்கும் முன்பே உருவானவை, இதுவரை மாற்றப்படவே இல்லை.