ரங்கூனில் ஒரு ரோஸ்ட்

"கரண்ட் எப்போ போகும்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா உருளைக்கிழங்குத் தோல் சீவினார். ஓவனுக்குள் பன்றித் தொடை. விருந்தாளிகள் ஏழு மணிக்கு.

ரங்கூனில் விருந்துக்கு நேரம் குறிப்பது நாமா, மின்சார அட்டவணைதானே!

ரோஸ்ட்டோ அவசரமே படாது. முந்தின இரவே தோலைத் துணியால் ஒற்றி, கீறி, உப்புத் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. ஈரம் இருந்தால் தோல் பொரியாது, ரப்பர் மாதிரி இழுக்கும். முதலில் 220 டிகிரியில் அரை மணி நேரம், அப்புறம் 160க்கு இறக்கி நிதானமாக.

கறியின் நடுவில் 63 டிகிரி வந்தால் போதும், 3 நிமிடம் ஆறவிடு என்பது அமெரிக்க வேளாண் துறைக் கணக்கு. நான் 70 வரை விடுவேன். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நம் பெரியவர்கள் தட்டையே தள்ளிவிடுவார்கள்.

வெளியே எடுத்த கறியை இருபது நிமிடமாவது வெட்டக்கூடாது. அதற்குள் அரைவேக்காட்டுக் கிழங்கும் கேரட்டும், சொட்டிய கொழுப்பில் புரண்டு, சூடேற்றிய ஓவனுக்குள் போயாக வேண்டும். ஷான் மாநிலத்துக் கிழங்கு, ஓரமெல்லாம் மொறுமொறு. ஆப்பிள் சாஸுக்குப் பதில் அன்னாசிப் பச்சடி.

நம் சமையலில் குழம்பு இறங்கினாலும் ரசம் காத்திருக்கும். இதில் எல்லாம் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வரணும். விருந்தாளியைவிட கடிகாரத்தைத்தான் அதிகம் உபசரிக்கிறோம்.

மாமா கறியை ஒதுக்கிவிட்டு, பொரிந்த தோலை மட்டும் அள்ளிக்கொண்டு, "பலாச்சாங் இருக்காம்மா?" என்றார். காய்ந்த இறாலைப் பொரித்துச் செய்யும் பர்மியத் தொடுகறி அது.

வைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்னாசியைவிட அதுதான் பொருந்தியது.