மாருதி 800: ஹெட் கேஸ்கெட்டை வீட்டு வாசலிலேயே மாற்றினேன்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இப்படியானால் முதலில் என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தது. மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியிலும் இது கொஞ்சம் படியும் என்பதால், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் உருவிப் பார்த்தேன். அங்கேயும் அதே நிறம். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

வண்டி 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் காலத்தது. அப்பா புதிதாக வாங்கியது. 15 வருடப் பதிவு முடிந்த பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். திண்டிவனம் போகும் வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஓரங்கட்டி, ஆறவைத்து, தாம்பரம் வரை மெதுவாக ஓட்டி வந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ஜினை இறக்கி முழுசா போர் பண்ணணும், பிஸ்டன், ரிங்கு எல்லாம் மாத்தணும்" என்றார்கள். போர் பண்ணுவது என்றால் சிலிண்டரின் உள்சுவரைக் கடைவது. சொன்ன தொகை வண்டியின் விலையில் பாதிக்குக் கிட்ட இருந்தது. பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. எதையும் அளந்து பார்க்காமலே சொன்னார்கள்.

அதனால் சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் ஒரு கம்ப்ரெஷன் கேஜ் வாங்கினேன். இந்த வேலையில் இறங்க நினைக்கும் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் கேஜை எடுங்கள். முடிந்தால் என்ஜின் சூடாக இருக்கும்போது, மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். அதில் 165 பிஎஸ்ஐ காட்டியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 90-ஐ ஒட்டி. அப்புறம் குறைவாகக் காட்டிய இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு ஏறும். ஏறவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி இறங்கியிருக்கின்றன, என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி வருகிறது, ஆயிலில் தண்ணீர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்க வேண்டும். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு அது. பிஸ்டனையும் போரையும் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வேலையைப் பழகுவதற்கு இதைவிட நல்ல என்ஜின் கிடைக்காது. எஃப்8பி என்பது அதன் பெயர். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறே வால்வு. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். மாருதி 800-ஐ 2014-இல் நிறுத்திவிட்டாலும், இதே என்ஜின் ஆம்னியில் 2019 வரை வந்ததால் சாமான் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. சென்னையில் புது சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்கு புதுப்பேட்டை. கடையில் கேட்கும்போது மட்டும் கவனம் வேண்டும். பழைய ஆல்ட்டோவிலும் 796 சிசி என்ஜின்தான், ஆனால் அதன் ஹெட்டில் 12 வால்வு. "800 கேஸ்கெட்" என்று பொதுவாகக் கேட்காமல் ஆறு வால்வு என்று சொல்லி, கழற்றிய கேஸ்கெட்டையும் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றுவதில் பெரிய வித்தை ஏதும் இல்லை, பொறுமை போதும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்தேன். ஆறிய என்ஜினிலிருந்து தண்ணீரை ஒரு பேசினில் வடித்தேன். கூலன்ட் கலந்த தண்ணீரைத் தெருவில் விடவே கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய்கள் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். பிறகு ஏர் கிளீனர், ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், பெட்ரோல் குழாய். குழாயின் வாயை உடனே போல்ட் வைத்து அடைத்தேன். கார்புரேட்டர் வண்டியில் சின்னச் சின்ன வேக்குவம் டியூப்கள் நிறைய. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்து, டேப்பில் எண் எழுதி இரண்டு முனையிலும் ஒட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டர் எந்தத் திசையில் நிற்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டேன்.

என் பொறுமையைச் சோதித்தது, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகள்தான். இத்தனை வருடத் துருவில் அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிட்டு, மறுநாள் காலையில் திரும்ப அடித்து, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று ஆட்டி ஆட்டிக் கழற்றினேன். ஒன்றும் முறியவில்லை.

ஹெட் போல்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க விட்டுவிட்டால் அலுமினிய ஹெட் வளையும். ஹெட் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள், அந்த முகத்தில் விழும் ஒரு கீறல் போதும். மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினேன், விட்டுக்கொடுத்தது. தூக்கிப் பார்த்தால், இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருக்கும் குறுகிய பாலத்தில் கேஸ்கெட் கருகி அறுந்து கிடந்தது. கேஜ் சொன்ன அதே இடம். பக்கத்தில் நின்று பார்த்த அப்பா, மூன்று சிலிண்டரையும் விரலால் தடவிவிட்டு, "போர் புதுசு மாதிரி இருக்கேடா" என்றார். பெரிய கீறல் எதுவும் இல்லை.

ஹெட்டைத் தலைகீழாக வைத்து, நேர்ச்சட்டத்தை குறுக்கும் நெடுக்கும் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 0.10 தாராளமாக நுழைந்தது. புதுப்பேட்டையில் ஒரு லேத்தில் ஃபேசிங் போட, அதாவது முகத்தைச் சமமாகச் சீவக் கொடுத்தேன். அந்த மாஸ்டர் ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "ஹெட் வளைஞ்சது சரி தம்பி, ஏன் வளைஞ்சுதுன்னு பாத்தியா? பாக்கலைன்னா ஆறு மாசத்துல திரும்ப எங்கிட்டதான் வருவ."

"தெர்மோஸ்டாட்டை இன்னும் பாக்கலண்ணே" என்றேன்.

"அதை மொதல்ல பாரு."

சூட்டுக்கு ஏற்பத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். வீட்டுக்கு வந்து அதைப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். 80 டிகிரிக்கு மேல் மெல்லத் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். தளதளவென்று கொதித்தும் ஒரு நூல் அளவுதான் திறந்தது. காரணம் கிடைத்துவிட்டது. துணைக்காரணம் ரேடியேட்டரில் இருந்தது. வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி, குழாய்களில் உப்பு படிந்து பாதி அடைத்திருந்தது. ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம வெயிலுக்கு இது தேவையில்ல" என்பார்கள். இது தவறு. அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில நூறு ரூபாய் சாமான். புதிதாக வாங்கிப் போடுங்கள். அதோடு டிஸ்டில்ட் வாட்டரில் கலந்த கூலன்ட் ஊற்றுங்கள், போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஹெட் வந்ததும் வால்வு லேப்பிங், அதாவது வால்வு அதன் இருக்கையில் கசியாமல் பொருந்தும்படி தேய்ப்பதை, நானே செய்தேன். இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வால்வின் விளிம்பில் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று கேட்கும். போகப்போகச் சத்தம் மழுங்கி வழுவழுவென்று ஓடும். துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரே அகலத்தில் வளையம் விழுந்திருக்கும். எங்கேயும் விட்டுப்போகாமல் வளையம் முழுதாக வரும்வரை விடக் கூடாது. பேஸ்ட் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் கழுவிவிட்டு, புது வால்வு சீல்களைப் போட்டுப் பூட்டியபின் பிளக்கை மாட்டி, கம்பஷன் சேம்பரில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தேன். ஒரு போர்ட்டிலும் கசியவில்லை.

பிளாக் முகத்தைச் சுத்தம் செய்வது அலுப்பான வேலை, ஆனால் கேஸ்கெட் எத்தனை வருடம் நிற்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது. சிலிண்டர்களில் துணியை அடைத்துவிட்டு, பிளேடால் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டினேன். உப்புத்தாள் போட்டால் அதன் பொடி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். போல்ட் துளைகளில் தேங்கியிருக்கும் தண்ணீரையும் ஆயிலையும் ஒன்றுவிடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். அடியில் திரவம் இருந்தால் போல்ட் இறுகியது போலக் காட்டும், ஆனால் ஹெட்டைப் பிடித்திருக்காது. பிளாக்கே விரிசல் விடவும் வாய்ப்புண்டு.

எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட்டைப் பூட்டாதீர்கள். கைப்பழக்கம் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக ஏற்ற வேண்டும். எவ்வளவு என்ற எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், என் வண்டியின் எண்ணை வைத்து இன்னொரு வண்டியை இறுக்க வேண்டாம். டைமிங் பெல்ட்டையும் புதிதாகப் போட்டேன். கேம் புல்லி, கிராங்க் புல்லி இரண்டின் குறிகளையும் நேர்படுத்தி, டென்ஷனரை இறுக்கி, கிராங்கை ஸ்பானரால் என்ஜின் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அப்போது கேம் ஒரு சுற்று முடித்து, இரண்டு குறியும் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். நின்றது. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் செட்டிங்குக்கு, சிலிண்டர்கள் எரியும் வரிசையான ஃபயரிங் ஆர்டர் 1-3-2, அதாவது கிராங்கின் 240 டிகிரிக்கு ஒரு சிலிண்டர். பிளக் மாட்டுவதற்கு முன் இதை முடித்துவிட்டால் கிராங்க் லேசாகச் சுற்றும்.

தண்ணீர் கலந்த ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றினேன். காயில் இணைப்பு இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்ததும்தான் இணைப்பைக் கொடுத்தேன். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது. உள்ளே தங்கியிருந்த தண்ணீர் அது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, காற்று வெளியேற வெளியேற கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருந்தேன். முள் பாதிக்கு வந்தது, ஃபேன் தானாக ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

கருவிகளை விட்டுவிட்டால் மொத்தச் செலவு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை இன்னொரு முறை மாற்றினேன், நிறம் சுத்தமாக இருந்தது. அன்றே கம்ப்ரெஷனும் பார்த்தேன். மூன்றிலும் 165-க்கும் 170-க்கும் இடையில். இப்போது கிராங்க் புல்லிக்குப் பின்னால் ஆயில் லேசாகக் கசிகிறது, முன்பக்க ஆயில் சீலாகத்தான் இருக்கும். சீல் வாங்கி வைத்துவிட்டேன், வரும் ஞாயிறு அந்த வேலை.