மழைநீர் வடிகாலின் எம்-புக்கைப் பார்க்க நான் பட்ட பாடு

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய சாலையில் கட்டப்பட்ட மழைநீர் வடிகாலின் அளவீட்டுப் புத்தகத்தை, அதாவது முடிந்த வேலையின் அளவுகளைப் பதிந்து வைப்பதும் பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்வதுமான புத்தகத்தை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையோடு ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். வடிகால் வந்த பிறகும் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் பழைய இடத்திலேயே முழங்காலளவு நின்றதுதான் இத்தனை அலைச்சலுக்கும் காரணம். மனு எழுதுவதும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுவதும் பலருக்கும் பழக்கமானவை என்பதால், இடறிய இடங்களை மட்டும் எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் மனு, "இப்பொருள் இவ்வலுவலகத்தைச் சார்ந்ததன்று" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. சென்னையில் உட்தெரு மாநகராட்சியுடையது, பெருஞ்சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை, தண்ணீர் போய்ச் சேரும் கால்வாய் நீர்வளத் துறையுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. எந்த வேலை யாருடையது என்று குடியிருப்பவர் ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டும் என எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மனு தங்களுக்கு உரியதல்ல என்றால், அதை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாள்களுக்குள் மாற்றி மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 6(3). திருப்பி அனுப்புவதற்கு அதில் இடமே இல்லை.

அந்தப் பிரிவைச் சுட்டி, அதே மனுவை நேரில் கொடுக்கப் போனால், தபால் பிரிவில் இருந்தவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதெல்லாம் எதுக்கு சார் உங்களுக்கு? கான்ட்ராக்டரோட ஏதாவது தகராறா?" என்று கேட்டார். காரணம் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) தெளிவாகவே சொல்கிறது. அதைச் சொன்னதும் மனுவை வாங்கிக்கொண்டார். ஆனால் நகலில் முத்திரை குத்தித் தர வைப்பதற்குள் மதிய உணவு நேரம் வந்துவிட்டது. முத்திரையும் தேதியும் இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால், பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், சேர்ப்பித்ததற்கான சான்று வேண்டும் என்பதை முகப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கள் நலச்சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் தனியாக ஒரு மனு போட்டு, தண்ணீர் ஏன் வடியவில்லை என்று கேட்டிருந்தார். விளக்கம் கோரும் கேள்விகளுக்குத் தகவல் வழங்க இயலாது என்று அவருக்குப் பதில் வந்தது. எரிச்சலூட்டும் பதில்தான், ஆனால் அதைச் சட்டப்படி மறுப்பது கடினம்; ஆவணமாக இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். ஆகவே "ஏன்" என்ற சொல்லே மனுவில் வேண்டாம். மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக், பணி நிறைவுச் சான்று, வரைபடம் என்று பெயர் சொல்லிக் கேட்டு, பிரிவு 2(j)-இன்படி ஆவணங்களையும் பணியிடத்தையும் நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள்.

சட்டம் தரும் 30 நாள் கெடு கழிந்தும் பதில் இல்லை; அதனால் மேல்முறையீடு செய்தேன். மேல்முறையீட்டு அலுவலரின் விசாரணை மட்டும் சிக்கலின்றி முடிந்தது. நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று தகவல் ஆணையம் விதிக்கக்கூடிய தண்டத்தை மேல்முறையீட்டில் ஒரு வரியாகக் குறிப்பிட்டிருந்தேன். அதனால்தானோ என்னவோ, உத்தரவு உடனே வந்தது. அதன் பிறகும் நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்டார்கள். கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்ற பிரிவு 7(6)-ஐக் காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. தொகை சிறியதே, ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

எம்-புக்கில் நீளம், அகலம், ஆழம் என்று வரிசை வரிசையாக நீல மையில் எழுதியிருந்தது. ஆழத்துக்கான கட்டத்தில் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே எண்: 1.20. சாலை சரிகிற இடத்திலும் அதே, மேடேறுகிற இடத்திலும் அதே. மளிகைக் கடைக்கு எதிரே மூடியைத் தூக்கி எங்கள் பொடியன்கள் டேப் வைத்தபோது ஒரு மீட்டர்கூட வரவில்லை. படம் எடுக்க விடமாட்டோம் என்றார்கள். வாக்குவாதத்தில் இறங்காமல் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் எழுதிக் கேட்டு வாங்கினேன். கண்காணிப்புப் பிரிவுக்குப் புகார் எழுதும்போது கைப்பேசிப் படத்தைவிட அதற்குத்தான் மதிப்பு.

நகல்களோடு புகார் போன பிறகு உதவிப் பொறியாளர் ஆளோடு வந்து அளந்தார், அடைந்து கிடந்த வண்டல் தொட்டிகளைத் திறந்து மண் அள்ளவும் செய்தார். ஆனால் வடிகால் எந்தச் சரிவில் போய் எங்கே சேர வேண்டும் என்று காட்டும் வரைபடம் மட்டும் "கோப்பில் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகத் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீட்டை 90 நாள் கெடுவுக்குள் அனுப்பிவிட்டேன். வரைபடமே இல்லாமல் எதைப் பார்த்துக் கட்டினார்கள் என்று கேட்கக் கை துறுதுறுத்தது. அது கேள்வி வடிவில் போய்விடும் என்பதால், கோப்பு காணாமற்போனது குறித்து எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகலைக் கேட்டிருக்கிறேன்.