கடவுள் சிரிச்சாரு, சரி, அப்புறம்?

ரப்பிகள் (யூத மத குருமார்) கடவுளையே வாதத்துல ஜெயிச்சாங்க, அவரும் சிரிச்சு ஒத்துக்கிட்டாரு, எவ்ளோ ஜனநாயகமான மதம் பாருங்கன்னு ஒரு கதை அப்பப்போ சுத்தும், ரப்பிகளோட சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்ல வர்ற அடுப்புக் கதை. அதைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு லேசா எரிச்சல் வரும், ஏன்னா கதை அங்க முடியவே இல்ல. மிச்சத்தைச் சொல்லணும்னா எருசலேம் கோயில்ல இருந்து ஆரம்பிக்கணும், கடவுள் எங்க இருந்து பேசுவாருங்கற கேள்விக்கு யூதர்கள்கிட்ட ஒரு காலத்துல கரெக்டா அட்ரஸே இருந்துச்சு.

பைபிள்ல யாத்திராகமம் 25-ம் அதிகாரத்துல இருக்கு. உடன்படிக்கைப் பெட்டி, அது மேல பொன்னால ஒரு மூடி, மூடியோட ரெண்டு முனையிலயும் ரெக்கை விரிச்ச ரெண்டு கேருபீன் (தேவதூத உருவம்), ஒண்ணையொண்ணு பார்த்தபடி. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்து உன்கிட்ட பேசுவேன்னு கடவுள் மோசேகிட்ட சொல்றாரு. பெட்டிக்குள்ள இருந்துன்னு சொல்லல, கேருபீன் வாயில இருந்தும் இல்ல, நடுவுல ஒண்ணுமே இல்லாம இருக்கே, அங்க இருந்து. பெட்டியும் பொன்னும் திரையும் கூடாரமும் எல்லாம் அந்தக் காலி இடத்தைச் சுத்தித்தான்.

அப்புறம் சாலொமோன் ராஜா அதுக்குக் கல்லுல கோயில் கட்டுறாரு, பெட்டி வைக்கற உள்ளறை நீளம் அகலம் உயரம் எல்லாமே 20 முழம். கட்டி முடிச்சு பிரதிஷ்டை பண்ற ஜெபத்துலயே, வானாதி வானமே உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த வீடு எம்மாத்திரம்னு அவரே கேட்டுடறாரு. அவ்ளோ செலவு பண்ணி கட்டினவர் வாயில இருந்து வர்ற வார்த்தை அது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

கிமு 586 வாக்குல பாபிலோன்காரங்க அதை இடிச்சாங்க. பெட்டி என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது (அதை வெச்சு ஹாலிவுட் நல்லா சம்பாதிச்சுது, அது வேற கதை). திரும்பி வந்தவங்க ரெண்டாவது கோயில் கட்டினாங்க, ஆனா பெட்டி இல்ல, கேருபீன் இல்ல, அதாவது நடுவுலங்கறதே இல்ல. மிஷ்னா (தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு) சொல்றபடி உள்ளறையில தரையில இருந்து மூணு விரல் உயரத்துக்கு ஒரு கல்லு மட்டும் இருந்துச்சு, வருஷத்துல ஒரு நாள், பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் அன்னிக்கு, பிரதான ஆசாரியர் உள்ள போய் அது மேல தூபத் தட்டை வைப்பாரு. கிமு 63-ல ரோமானியத் தளபதி பாம்பே எருசலேமைப் பிடிச்சு நேரா கோயிலுக்குள்ளயே நுழைஞ்சுட்டான். உள்ள எந்தத் தெய்வத்தோட உருவமும் இல்ல, காலியா இருந்துச்சுன்னு ரோமானிய வரலாற்று ஆசிரியர் டாசிடஸ் எழுதியிருக்காரு. பாம்பே என்னத்தை எதிர்பார்த்துப் போனானோ.

இடத்தோட சேர்ந்து பேச்சும் குறைஞ்சுபோச்சு. ஆகாய், சகரியா, மல்கியா இந்த மூணு தீர்க்கதரிசிகளோட காலத்தோட தீர்க்கதரிசனமே நின்னுபோச்சு, அதுக்கப்புறம் எப்பவாவது வானத்துல இருந்து ஒரு குரல் கேட்கும், அவ்ளோதான்னு ரப்பிகளே சொல்லி வெச்சிருக்காங்க. கிபி 70-ல ரோமானியங்க ரெண்டாவது கோயிலையும் எரிச்சாங்க.

அதுக்கப்புறம் மிஞ்சினது திசை மட்டும்தான். வெளிநாட்டுல நின்னு ஜெபிக்கறவன் இஸ்ரவேல் தேசத்தைப் பார்த்து நிக்கணும், தேசத்துல இருக்கறவன் எருசலேமைப் பார்த்து, எருசலேம்ல இருக்கறவன் கோயிலைப் பார்த்து, கோயில்ல இருக்கறவன் உள்ளறையைப் பார்த்துன்னு தல்மூத் படிப்படியா சொல்லுது, திசை தெரியாதவன் மனசைத் திருப்பினா போதுமாம். கொச்சி மட்டாஞ்சேரியில 1568-ல கட்டின பரதேசி ஜெப ஆலயத்துல தோரா (மோசேயோட அஞ்சு புத்தகம்) சுருள் வைக்கற பேழை மேற்குச் சுவர்ல இருக்கறது அதனாலதான், அங்க இருந்து எருசலேம் மேற்க. போறவங்க எல்லாம் கீழ தரையில பதிச்ச சீனத்து ஓடுகளையும் மேல சரவிளக்கையும் போட்டோ எடுத்துட்டு வந்துடறோம். எருசலேம்லயே பார்த்தா, எல்லாரும் சீட்டு எழுதிச் சொருகற அந்த மேற்குச் சுவர் கோயிலோட சுவரே கிடையாது, கோயில் இருந்த மலையைச் சுத்தி ஏரோது ராஜா எழுப்பின தாங்குசுவர். மேல ஏறிப் போகாதீங்கன்னு தலைமை ரப்பிகள் போர்டு வெச்சிருக்காங்க, உள்ளறை எந்த இடத்துல இருந்துச்சுன்னு உறுதியாத் தெரியாததால தெரியாம மிதிச்சுடக் கூடாதேன்னு.

இப்ப அடுப்பு. கோயில் போய் ஒரு தலைமுறைக்குள்ள நடக்கறதா வர்ற கதை. ஒரு மண் அடுப்பை வளையம் வளையமா வெட்டி நடுவுல மணலை வெச்சு அடுக்கியிருக்காங்க, அது தீட்டுப்படுமா படாதான்னு விவாதம். ரப்பி எலியேசர் படாதுங்கறாரு, மத்தவங்க எல்லாரும் படும்ங்கறாங்க. இவரும் சொல்லாத வாதம் இல்ல, ஒருத்தரும் கேட்கல. நான் சொல்றது சரின்னா அந்த மரம் சொல்லும்ங்கறாரு, மரம் வேரோட பிடுங்கிட்டு 100 முழம் தள்ளிப் போய் நிக்குது. மரத்தை வெச்செல்லாம் சட்டம் பேச முடியாதுங்கறாங்க. வாய்க்கால் தண்ணி பின்னாடி ஓடுது, அதுவும் செல்லாது. பாடசாலைச் சுவர் சாய ஆரம்பிக்குது, ரப்பி யோசுவா சுவரைப் பார்த்து, படிச்சவங்க வாதாடினா உனக்கென்ன வந்துச்சுன்னு ஒரு அதட்டு போடறாரு. சுவர் பாவம் யோசுவாவுக்கு மரியாதை குடுத்து விழவும் இல்ல, எலியேசருக்கு மரியாதை குடுத்து நிமிரவும் இல்ல, அப்படியே சாஞ்சு நின்னுடுச்சு. கடைசியா வானத்துல இருந்து குரலே வந்துடுது, எல்லா இடத்துலயும் சட்டம் எலியேசர் பக்கம்தானே, அவர்கூட உங்களுக்கு என்ன தகராறுன்னு. யோசுவா எழுந்து நின்னு தோராவோட கடைசிப் புத்தகமான உபாகமத்துல இருந்து எடுத்து விடறாரு: அது வானத்துல இல்ல. தோரா சீனாய் மலையிலயே எங்ககிட்ட குடுத்தாச்சு, இனிமே பெரும்பான்மைதான்னு அர்த்தம். அப்ப கடவுள் சிரிச்சு, என் பிள்ளைங்க என்னை ஜெயிச்சுட்டாங்கன்னு சொன்னாராம்.

எல்லாரும் இங்க நிறுத்திடறாங்க. தல்மூத் நிறுத்தல.

அன்னிக்கே எலியேசர் சுத்தம்னு தீர்ப்பு சொன்ன பொருளையெல்லாம் கொண்டுவந்து கொளுத்தினாங்க, ஓட்டுப் போட்டு அவரையும் விலக்கி வெச்சாங்க. இதை அவர்கிட்ட போய்ச் சொல்றதுக்கு ரப்பி அகிவா கருப்பு உடுத்திக்கிட்டுப் போய் 4 முழம் தள்ளி உட்கார்றாரு. இன்னிக்கு என்ன வித்தியாசமா இருக்கேன்னு எலியேசர் கேட்க, உங்க தோழர்கள் உங்களை விட்டு விலகிட்ட மாதிரி தெரியுது ரப்பின்னு அகிவா அவ்ளோ பக்குவமா சொல்றாரு. கிழவர் சட்டையைக் கிழிச்சுக்கிட்டு, செருப்பைக் கழட்டிட்டு, தரையில உட்கார்ந்து அழறாரு. அந்த அழுகையில ஒலிவம், கோதுமை, வாற்கோதுமை எல்லாத்துலயும் மூணுல ஒரு பங்கு நாசமாப் போச்சுன்னு எழுதியிருக்கு.

எலியேசர் மனைவி பேரு இம்மா ஷாலோம். அவங்க அண்ணன்தான் சபைத் தலைவர் கமாலியேல் (பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள்ல வர்ற கமாலியேலோட பேரன்). அதாவது இவங்க புருஷனை விலக்கி வெச்ச சபைக்குத் தலைவரே கூடப் பிறந்தவர். அன்னியில இருந்து புருஷன் ஜெபத்துல முகங்குப்புற விழுந்து மன்றாட விடாமப் பார்த்துக்கிட்டே இருக்காங்க, அந்த மன்றாட்டு எங்க போய்ச் சேரும்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வாசல்ல ஒரு ஏழை வந்து நிக்க, ரொட்டி எடுத்துக் குடுக்கப் போயிட்டாங்க. திரும்பி வந்தா மனுஷன் விழுந்து கிடக்காரு. எழுந்திருங்க, எங்க அண்ணனைக் கொன்னுட்டீங்கங்கறாங்க. கமாலியேல் வீட்டுல இருந்து சாவு எக்காளம் கேட்குது. உனக்கு எப்படித் தெரியும்னு எலியேசர் கேட்கறாரு. எல்லா வாசலும் பூட்டிடும், மனசு நொந்தவங்களோட வாசல் மட்டும் பூட்டாதுன்னு எங்க தாத்தா வீட்டுல சொல்லிக் கேட்டிருக்கேன்ங்கறாங்க.

வாசல்னு அவங்க சும்மா சொல்லல, அதே பக்கத்துல கொஞ்சம் முன்னாடிதான் கோயில் அழிஞ்ச நாள்ல இருந்து ஜெபத்தோட வாசல்கள் பூட்டிக் கிடக்குன்னு ஒரு ரப்பி சொல்லியிருக்காரு. அந்தப் பகுதி முழுக்கவே பேச்சால அடுத்தவனை நோகடிக்கறதைப் பத்தினதுதான், அடுப்பு அதுக்கு நடுவுல வர்ற உதாரணம். வானத்துக் குரலால ஒரு அடுப்புத் தீர்ப்பைக்கூட மாத்த முடியல, ஆனா சபையே ஒதுக்கின ஆள் தரையில விழுந்து அழுதா நேரா உள்ள போயிடுது. ரெண்டையும் ஒரே இடத்துல வெச்சவங்க எது பெருசுன்னு எங்கயும் சொல்லல. எலியேசருக்காக யாரும் தீர்ப்பைத் திருத்தவும் இல்ல, சட்டப்படி அந்த அடுப்பு இன்னிக்கும் தீட்டுப்படற அடுப்புதான்.