பாட்டா என்றால் குழந்தை

எங்கள் நாகர்கோவில் பக்கம் பாட்டா என்றால் தாத்தா. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது செருப்புக் கம்பெனி. பிலிப்பைன்ஸில் அதே மாதிரி ஒலிக்கிற சொல்லுக்குக் குழந்தை, பொடியன் என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கப்பலில் கூட வேலை பார்த்த ஃபிட்டர்.

2001-ஆம் வருஷம். ஆஸ்திரேலியாவில் நியூகாசிலில் நிலக்கரி ஏற்றி ஜப்பானில் இறக்குகிற கப்பல். நான் தேர்ட் இன்ஜினியர். இன்ஜின் ரூமில் முக்கால்வாசிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஃபிட்டர் பம்பாங்கா மாகாணம், ஐம்பதை நெருங்குகிற வயது. அவர் கேபினில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிய இன்னொரு படம் இருந்தது. மீசை, ஒட்டிய கன்னம், முன்பல் இல்லாத சிரிப்பு. உறவுக்காரராக இருக்கும் என்று நினைத்து, "உங்க அண்ணனா?" என்று கேட்டேன். "எங்க ஊருக்கே அண்ணன், தேர்ட்" என்றார்.

எஃப்ரன் ரேயஸ். பூல் ஆட்டக்காரர், அதாவது மேசையில் கோலால் பந்தைத் தட்டி ஓர ஓட்டையில் தள்ளுகிற ஆட்டம். பட்டப்பெயர் பாட்டா. 1954-இல் பம்பாங்காவில் பிறந்து, ஐந்து வயதில் மணிலாவில் பூல் கூடம் வைத்திருந்த மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்த பையன். ராத்திரி பூல் மேசை மேலேயே தூக்கம். பகலில் கை எட்டாததால் கோக் பெட்டிகளை அடுக்கி ஏறி நின்று ஆட்டம். அங்கே வயதில் மூத்த இன்னொரு எஃப்ரனும் ஆடிக்கொண்டிருந்ததால் இவன் சின்ன எஃப்ரன், பாட்டா. எழுபது வயதைத் தாண்டியும் அவர் இன்னும் பாட்டாதான். எங்கள் ஊர் அர்த்தமும் இப்போது பொருந்திவிட்டது.

எனக்கு அதுவரை பூலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊரில் ஸ்னூக்கர் பார்லர் பக்கம் போனால் வீட்டில் தோலை உரித்திருப்பார்கள். ஃபிட்டரிடம் ஒரு வீடியோ கேசட் இருந்தது. அவருடைய மச்சான் எங்கிருந்தோ பதிந்து கொடுத்தது, பாதி நேரம் திரையில் கோடுதான் ஓடும். அதில் 1995-இல் அமெரிக்காவில் ரீனோ நகரத்தில் நடந்த ஆட்டம். எதிரே ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட், அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர், பெரிய கோபக்காரரும்கூட. ஒன்பது பந்து ஆட்டம். இருப்பதிலேயே சின்ன எண்ணுள்ள பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். இருவருக்கும் ஜெயிக்க இன்னும் ஒரு ரேக், அதாவது ஒரு சுற்றுதான் பாக்கி. தொட வேண்டியது ஐந்தாம் பந்து. அதற்கு நேர்வழி இல்லாதபடி வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டார் ஸ்ட்ரிக்லண்ட்.

எஃப்ரன் கொஞ்சம் குனிந்து பார்த்தார். பிறகு அடித்தார். வெள்ளைப் பந்து மேசை ஓரத்து ரப்பர் சுவரில், அதாவது இந்தப் பக்கக் குஷனில் பட்டு, குறுக்கே ஓடி அந்தப் பக்கக் குஷனில் பட்டு, இசட் எழுத்துப் போல வளைந்து வந்து ஐந்தைத் தட்டியது. ஐந்து பாக்கெட்டில் விழுந்தது. கூட்டம் எழுந்து நிற்கிறது. இவர் என்னவோ பஸ் டிக்கெட்டைத் தொலைத்தவர் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கிறார். அப்புறம் மிச்சப் பந்துகளையும் துடைத்துப் போட்டுவிட்டார்.

ஃபிட்டர் ரீவைண்ட் பண்ணினார். மறுபடியும். எட்டாவது தடவைக்கு மேல் நான் எண்ணவில்லை. அந்தத் தலைசொறிதலுக்காகவே நான் பார்த்தேன்.

"அதிர்ஷ்டம்" என்று வாயை விட்டுவிட்டேன். ஃபிட்டர் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் ஸ்டோரில் கிடந்த பிளைவுட் பலகை ஒன்றை எடுத்து, கிழிந்த பாய்லர் சூட் துணியை இழுத்து ஒட்டி, ஓரத்தில் ரப்பர் பேக்கிங்கை வெட்டிக் குஷன் வைத்தார். நாலு மூலையிலும் நீளப் பக்கங்களின் நடுவிலும் ஓட்டை. கழற்றிப் போட்ட பழைய பேரிங்கை உடைத்து உருண்டைகளை எடுத்து, பெயிண்டில் எண் எழுதினார். அடிக்கிற கோலுக்கு வெல்டிங் ராடு. கப்பல் ஓடும்போது ஆட முடியாது, கப்பல் குலுக்கலில் எல்லா உருண்டையும் ஒரே மூலைக்கு ஓடிவிடும். நியூகாசிலுக்கு வெளியே சரக்குக்காக நங்கூரம் போட்டுக் காத்திருந்த நாட்களில், அதுவும் அலை இல்லாவிட்டால் மட்டும், அதில் பாடம் நடக்கும்.

போகிற கோணமும் திரும்புகிற கோணமும் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது மேசையில் செல்லாது. ஓங்கி அடித்தால் குஷன் அமுங்கிக் கோணம் குறுகும். சுழற்சி கொடுத்தால் வேறு பக்கம் போகும். இதெல்லாம் எஃப்ரனுக்கு எங்கிருந்து வந்தது? ஃபிட்டர் சொன்ன காரணம் எனக்கு இன்றைக்கும் சரியாகவே படுகிறது. அவர்கள் ஊரில் ரொட்டேஷன் என்று ஓர் ஆட்டம். பதினைந்து பந்து, எண் வரிசையில் தொட வேண்டும், பந்தின் எண்தான் புள்ளி. மொத்தம் 120, 61 எடுத்தவன் ஜெயித்தான். மேசை நிறையப் பந்து கிடக்கும்போது வேண்டிய பந்து எதற்காவது பின்னால்தான் இருக்கும். ஆகவே சுவரில் அடித்துத் தேடிப்போகப் பழகியே தீர வேண்டும். போதாததற்கு, பாக்கெட்டே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸும் அவர் சிறுவயதிலிருந்து ஆடியது. அதில் குஷன்தான் எல்லாம்.

ஃபிட்டர் விரும்பிச் சொல்கிற கதை 1985 கதை. எஃப்ரன் முதல் தடவை அமெரிக்கா போனபோது பெயர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டதாம். சொந்தப் பெயரில் போனால் பந்தயம் கட்ட எவனும் வரமாட்டான். அதனால் சீசர் மொராலெஸ் என்ற பெயரில் ஹூஸ்டனில் ஒரு போட்டியில் இறங்கினார். ஜெயித்தும் விட்டார். யார் இந்த மொராலெஸ் என்று ஊரே முழித்தது. இந்த இடம் வந்ததும் ஃபிட்டர் தொடையைத் தட்டிச் சிரிப்பார், ஏமாற்றியவர் அவரே என்பது போல.

1996-இல் ஹாங்காங்கில் ஸ்ட்ரிக்லண்டோடு மூன்று நாள் ஆட்டம். 120 ரேக் முதலில் எடுப்பவருக்கு ஒரு லட்சம் டாலர். 120-117 என்று எஃப்ரன் எடுத்தார். 1999-இல் கார்டிஃபில் உலகப் பட்டம். ஆனால் பேச்சு எப்போதும் அந்த ஐந்தாம் பந்துக்கே திரும்பிவிடும்.

2006-இல் நான் வேறு கப்பலில் இருந்தேன். மறுபடியும் ரீனோ. எட்டுப் பந்துப் போட்டி, முதல் பரிசு ஐந்து லட்சம் டாலர், பூலில் அதுவரை கேள்விப்படாத தொகை. இறுதியில் ராட்னி மாரிஸை எஃப்ரன் 8-6 என்று வென்றார். செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த செய்தி. பரிசைக் கையில் கொடுக்க நடத்தியவர்களிடம் காசில்லை, தவணையில் தருகிறார்களாம். நான் ஒரு கம்பெனியில் நாலு மாதச் சம்பளத்துக்கு நடையாய் நடந்தவன். ஐந்து லட்சமோ ஐந்நூறோ, அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும்.

2022 மே மாதம் ஹனோயில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. அறுபத்தேழு வயதில் கேரம் பில்லியர்ட்ஸ் ஆட வந்திருந்தார், வெண்கலம் வாங்கினார். வியட்நாம் ரசிகர்கள் சொந்த ஊர்க்காரரை விட்டுவிட்டு இவருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீடியோவை ஃபிட்டருக்கு அனுப்பினேன். அவர் ஓய்வுபெற்றுப் பேரக்குழந்தைகளோடு இருக்கிறார். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. அந்தப் பிளைவுட் பலகை! கப்பலிலிருந்து எப்படி வெளியே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் கடைசியாக வீட்டுக்குப் பயப்படாமல் எங்கள் ஊர் பார்லருக்குப் போனேன். மூலையில் ஒரு பூல் மேசை காலியாக இருந்தது. ஐந்தாம் பந்தை வைத்தேன், நடுவில் இரண்டு பந்தை மறைப்பாக வைத்தேன், குனிந்து பார்த்து ஓங்கி அடித்தேன். வெள்ளைப் பந்து குஷனைத் தாண்டி, தரையில் இரண்டு குதி குதித்து, தண்ணீர் கேனில் போய் மோதியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னையறியாமல் தலையைச் சொறிந்தேன்.

மார்க்கர் பையன் பந்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே வந்தான். "அண்ணாச்சி, துணி கிழிஞ்சா மூவாயிரம். மொதல்ல சொல்லிருதேன்."